மலை மருத்துவமனைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை, பொதுப்பணித் துறை உயர் அலுவலர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

அரசு மருத்துவமனைக் கட்டடங்களின் மின்செலவை அளந்து ஒப்பிடுவது நல்ல வேலை. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட், படுக்கைக்கு எத்தனை யூனிட் என்பதே வழக்கமான கணக்கு. ஆனால் சமவெளியையும் மலையையும் ஒரே தராசில் நிறுத்திவிடாதீர்கள். 2017-இல் வந்த மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகளே நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துத்தான் பேசுகின்றன.

சென்னையில் மின்சாரத்தைத் தின்பது குளிர்சாதனம். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்து உதகையில் வெந்நீர்தான் பெரும்பாடு. உறைபனிக் காலத்தில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால், 100 லிட்டரை 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் ஆகும். 28 டிகிரியில் தண்ணீர் வரும் ஊரில் 2 யூனிட் போதும். இதே மாவட்டத்தில் வெகுவாகத் தாழ்ந்திருக்கும் கூடலூருக்குக்கூட உதகைக் கணக்கு பொருந்தாது.

என் பெரிய கவலை வேறு. யூனிட் குறைந்தால் சிக்கனமான மருத்துவமனை என்று எழுதிவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். இந்த மலையின் ஓர் அரசு மருத்துவமனையில் என் மருமகள் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தபோது வார்டு கீசர் பழுது. பச்சைக் குழந்தையைத் துடைக்க எதிர் டீக்கடையில் பிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கிவந்தோம். ஜன்னலில் கண்ணாடி போன இடத்தை அட்டைப்பெட்டித் துண்டு மறைத்திருந்தது. காற்று அதையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அந்த மாதம் அந்த கீசர் ஒரு யூனிட்கூட எடுத்திருக்காது. அதைச் சிக்கனம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஆகவே யூனிட்டோடு வார்டின் வெப்பநிலையையும், வெந்நீர் வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். வளாகத்துக்கே ஒரு மீட்டர் என்றிருந்தால் அறுவை அரங்கம் எவ்வளவு எடுத்தது, ஊழியர் குடியிருப்பு எவ்வளவு எடுத்தது என்று பிரித்தறிய வழியில்லை; துணை மீட்டர்கள் பொருத்துங்கள். பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர்தான் கதி. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருந்தாலும் மின்சாரமாகக் கிடைப்பது மூன்று யூனிட்டை ஒட்டித்தான். அந்த டீசலும் கணக்கில் ஏறட்டும்.

வரும் டிசம்பர் பனிக்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள். கோடையில் மட்டும் வந்து எடுக்கும் அளவு எங்கள் ஊருக்கு உதவாது.