இந்த வாரம் ரெபெத்திகோ கேட்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் முழுக்க துருக்கி ராக் ஓடியது. பாரிஷ் மான்சோவை இனி யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம், 7 பேர் செய்துவிட்டீர்கள்!

இந்த வாரம் ரெபெத்திகோ, கிரேக்க நகரங்களின் சாமானியர் பாட்டு. 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தையொட்டி, அனத்தோலியாவிலிருந்த (துருக்கியின் ஆசியப் பகுதி) கிரேக்கர்கள் லட்சக்கணக்கில் கிரீஸுக்கு அகதிகளாகப் போனார்கள். ஸ்மிர்னாவின் (இன்றைய இஸ்மிர்) பாட்டும் ‘ஊத்’ என்ற தந்தி வாத்தியமும் அவர்களோடு கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்தன. முதலில் ரோசா எஸ்கனாசியைக் கேளுங்கள். இஸ்தான்புல்லில் பிறந்த யூதப் பெண். கிரேக்கம், துருக்கி இரண்டிலும் பாடியவர். பழைய இசைத்தட்டின் கரகரப்புக்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அந்தக் குரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் ஒரு கர்ஷிலமா (ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் வரும் நடன இசை) போட்டுவிட்டு மேசையில் தட்டிப் பாருங்கள்: தக தக தக தகிட. ஒன்பது. ஏஜியன் கடலுக்கு இரண்டு பக்கமும் இதே கணக்குக்குத்தான் ஆடுகிறார்கள். எனக்கு நாலாவது முறைதான் கை பிடிபட்டது.

பகிரும்போது பாடியவர் பெயர், மொழி, தெரிந்தால் ஆண்டு போடுங்கள். ஒருவருக்கு நாளைக்கு ஒரு பாட்டு போதும். ‘இது யாருடைய மெட்டு, கிரேக்கமா துருக்கியா?’ சண்டை வேண்டாம். அவர்களே இன்னும் முடிக்கவில்லை.