அப்பாவின் காலும் ஜன்னல் ஓர சீட்டும்

அன்புள்ள கண்ணா,

நானும் அப்பாவும் விமானம் ஏறி உன் வீட்டுக்கு வருகிறோம் என்றதும், போனில் "இப்ப அவசியம் வரணுமாம்மா?" என்று நீ கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்புறம் நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரி, வேலை இருக்கும். எங்கள் உடம்பை நினைத்துத்தான் கேட்டாய் என்றால், இதைப் படித்ததும் உன் பயம் போய்விடும்.

எனக்குக் கவலையெல்லாம் அப்பாவின் கால்தான். நரம்பு சுருண்ட கால், உனக்கே தெரியும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார். அப்படியும் ஜன்னல் ஓர சீட்தான் வேண்டுமாம். அங்கே உட்கார்ந்தால், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பச் சங்கடப்பட்டு எழுந்தே நடக்க மாட்டார். நடைபாதை ஓரமாக நானே போனில் மாற்றிவிட்டேன், எல்லாம் நீ போன தடவை சொல்லிக்கொடுத்ததுதான். உன்னைப் போல் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் கிடையாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் எழுதிக்கொடுத்தார். கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்கினோம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்னாலேயே போட வேண்டும், வீக்கம் வந்துவிட்டால் ஏறாது. குதிகால் வரை உள்ளே வெளியே திருப்பிக்கொண்டு, விரல்களை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கிறேன். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் கயிறு கட்டினது போல் இறுக்கும், அதனால் கடைசியில் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுவேன்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான். சரக்கோடு போட்டு அங்கே குளிரில் உறைந்தால் இன்சுலின் வீண். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் பெயரையே டாக்டர் சீட்டில் எழுதி வாங்கியிருக்கிறேன். நேரம் மாறுவதால் எப்போது ஊசி போடுவது என்றும் அதிலேயே இருக்கிறது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாதாம், விமானத்துக்குள் காற்றும் வறண்டுதான் இருக்கும். பாத்ரூம் போகச் சோம்பல்பட்டு அப்பா தண்ணீரைக் குறைப்பார். நான் விடப்போவதில்லை.

இன்ஷூரன்ஸில், ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததை எழுத வேண்டாம், பணம் கூடும் என்றார் அப்பா. மறைத்தால், ஒன்று ஆகும்போது கைவிரித்துவிடுவார்கள் என்று எழுதவைத்தேன். அந்தத் தாளை உனக்கு அனுப்பியிருக்கிறேன், படித்தாயா?

இறங்கின பிறகும் சில வாரத்துக்கு அவர் காலைக் கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அவர் சொல்ல மாட்டார், நாம்தான் பார்க்க வேண்டும்.

உன் வீட்டில் பாத்ரூம் போகிற வழியில் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கால் தடுக்கிற விரிப்பு இருந்தால் எடுத்துவிடு. அது போதும், எங்களுக்காக வேறு எதையும் மாற்ற வேண்டாம். வீடு எப்படிக் கிடந்தாலும் சரி, வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, எதுவும் கேட்க மாட்டோம். அவள் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது, அதையும் கேட்க மாட்டேன்.

நடைபாதை ஓர சீட்தான், அப்பா கேட்டால் நீயும் அதையே சொல். இன்ஷூரன்ஸ் தாளைப் படித்தாயா என்றாவது பதில் போடு.

அம்மா