ஆர்.சி. பெண்ணும் கிறிஸ்தவள்தான், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபை என்பதால், "அவங்கள்லாம் கிறிஸ்தவங்களே இல்ல, முதல்ல அவளை இரட்சிப்புக்குள்ள கொண்டு வாங்க" என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு பிரதர் சொன்னாராம், நீ அதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லையாம், அம்மா சொன்னார்கள். நேராகவே எழுதுகிறேன். அவர் சொன்னது தப்பு.

அவள் கையிலிருக்கும் ஜெபமாலைதான் உன்னை உறுத்துகிறது, இல்லையா? அதன் நுனியில் ஒரு சிலுவை தொங்குமே, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு அவள் முதலில் சொல்வது மரியாளிடம் வேண்டும் ஜெபம் இல்லை, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலில் ஞாயிறு காலை எழுந்து நின்று சொல்கிறோமே, அதேதான், நடை மட்டும் கொஞ்சம் வேறு. வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, கன்னி மரியாளிடம் பிறந்து, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த குமாரன், பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, நித்திய ஜீவன். இதில் எந்த வரியை அவள் விசுவாசிக்கவில்லை என்று அந்த பிரதரிடமே கேட்டுப் பார்.

இயேசு உண்மையிலேயே தேவனா, இல்லை படைக்கப்பட்டவரா என்று ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய பிரச்சினைக்கு 325இல் நிசேயா நகரத்தில் கூடிய பேராயர்கள் சொன்ன பதிலை, அதாவது நிசேயா விசுவாசப் பிரமாணத்தை, இன்றைக்கும் ரோமாபுரி, ஆர்த்தடாக்ஸ் சபைகள், லுத்தரன்கள், நாம் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 1947இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று தனித்தனியாக இருந்தவர்கள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோதும் வேதாகமத்தோடு அப்போஸ்தலர் பிரமாணம், நிசேயா பிரமாணம் என்ற இந்த இரண்டையும்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

போப், புனிதர்களிடம் வேண்டுவது, நற்கருணை என்று வித்தியாசங்கள் உண்டு, சின்ன விஷயங்களும் இல்லை. ஆனால் மார்ட்டின் லுத்தர் காலத்தில் சபை கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்று உடைந்ததற்கே முக்கியக் காரணமான கேள்வியில், நம் தகுதியால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று 1999இல் ஆக்ஸ்பர்கில் வத்திக்கானும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம், நீ குழந்தையில் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் எடுத்த ஞானஸ்நானம் அவள் சபைக்கும் செல்லும், மறுபடி எடு என்று அவர்கள் கேட்க மாட்டார்கள்.

கல்யாணம் எந்தக் கோவிலில் என்பதை நம் சபைப் போதகர் ஐயரும் அவர்கள் ஃபாதரும் பேசட்டும். பிள்ளைகளை எந்தச் சபையில் வளர்ப்பது என்பதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி, அதை நீங்கள் இரண்டு பேரும் இப்போதே பேசிவிடுங்கள். அவளை இரட்சிப்புக்குள் கொண்டுவரும் பேச்சை மட்டும் அவளிடம் எடுக்காதே.

அன்புடன்,
அக்கா