தீத்தா கோரியின் பதினேழு மாதங்கள்

கும்பகோணம்,
ஆகஸ்டு 10.

அன்பு மகளே,

உன் நீண்ட கடிதம் வந்து சேர்ந்தது. ஆகஸ்டு 1 அன்று, பிலிப்பைன்சின் முன்னாள் குடியரசுத் தலைவர் கோரசான் அக்கினோவின் நினைவு நாளில், வகுப்பு முடிந்த பின்பும் உன் மாணவர்கள் எழுந்து போகாமல் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததையும், அந்தப் பேச்சு வாக்குவாதமாக முடிந்ததையும் நீ எழுதியிருந்த பக்கங்களை இரண்டு முறை படித்தேன். 'அவரை ஏன் புனிதராக்கினீர்கள்?' என்று ஒரு பெண் கேட்டதும், தார்லாக் மாகாணத்திலிருந்து வந்திருக்கும் மாணவன் தன் தாத்தா அந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் கரும்பு வெட்டியவர் என்று மட்டும் சொல்லிவிட்டு வாய்மூடிக்கொண்டதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, நீங்கள் அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர், எழுதுங்கள் அப்பா, என்று கேட்டிருக்கிறாய். நான் பார்த்ததையும், இத்தனை ஆண்டுகளாக யோசித்து வந்ததையும் எழுதுகிறேன்.

1986 பிப்ரவரியில் நான் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் ஊரில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் அப்போது அதன் தலைமை இயக்குநர். குடியரசுத் தலைவர் மார்கோசை எதிர்த்துக் கோரசான் அக்கினோ நின்ற பிப்ரவரி 7-ஆம் தேதித் திடீர்த் தேர்தலுக்கு முன்பே வயல் உதவியாளர்கள் நாற்றங்காலில் நின்றபடி பேசுவது அவரைப் பற்றித்தான். 'தீத்தா கோரி' என்பார்கள். கோரி என்பது கோரசானின் சுருக்கம். தீத்தா என்பது நம் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் ஒரே சொல் என்பது உனக்குத் தெரியும். நாட்டை ஆளப் போட்டியிடும் ஒருவரை அவ்வளவு உரிமையோடு வீட்டுச் சொல்லால் அழைப்பதை நான் அங்கேதான் முதலில் கேட்டேன். ஆட்சி அனுபவம் இல்லாத பெண் என்று மார்கோஸ் அவரை இகழ்ந்தபோது, ஏமாற்றவும் திருடவும் பொய் சொல்லவும் எதிராளிகளைக் கொல்லவும் தமக்கு அனுபவம் இல்லை என்பது உண்மைதான் என்று அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலைச் சந்தையில் மீன் விற்கும் பெண்கள்கூட மனப்பாடமாகச் சொன்னார்கள்.

தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், அரசின் வாக்கு எண்ணும் மையத்தில் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்த இளம் பணியாளர்கள், தாங்கள் பதிந்த எண்கள் பலகையில் வேறாகத் தெரிவதைக் கண்டு எழுந்து வெளியேறினார்கள். அவர்களும் உன் மாணவர்களை விடச் சில வயதே மூத்தவர்கள் என்பதை நினைத்துப் பார். அதன் பிறகு 22-ஆம் தேதி சனிக்கிழமை மாலை பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோசும் மார்கோசை விட்டு விலகிப் படைமுகாமுக்குள் அடைந்துகொண்டதும், மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின் வானொலி வேரித்தாஸ் வழியாக, அவர்களுக்குத் துணை நிற்கும்படி மக்களை மணிலாவின் எட்சா நெடுஞ்சாலைக்கு அழைத்ததும் நடந்தன. அந்நிய நாட்டவனாகிய நான் போகவில்லை. வீட்டிலேயே வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரம்மா ஒரு பெரிய அண்டா நிறையச் சோறு வடித்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி, தம் தங்கை மகனோடு மணிலாவுக்குப் பேருந்து ஏறினார். புதன்கிழமை காலையில் திரும்பி வந்தபோது அவருக்குக் குரல் போயிருந்தது, செருப்பில் ஒன்று இல்லை. முந்திய நாள் 25-ஆம் தேதி காலையில் கோரி கிளப் பிலிப்பினோவில் பதவியேற்றிருந்தார்; மார்கோசும் குடியரசுத் தலைவரின் மலகன்யாங் மாளிகையில் ஓர் உறுதிமொழி எடுத்துவிட்டு, அன்றிரவே அமெரிக்க ஹெலிகாப்டரில் வெளியேறியிருந்தார்.

இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அவர் புனிதராகத் தோன்றியதில் வியப்பில்லை. 1972-இல் இராணுவச் சட்டம் வந்தவுடன் சிறைக்குள் போன, எதிர்க்கட்சித் தலைவரான கணவர் நினாயை ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறைக் கம்பிகளுக்கு இந்தப்புறம் நின்று காத்தவர்; 1983 ஆகஸ்டு 21 அன்று மணிலா விமான நிலையத்தில் விமானத்திலிருந்து இறங்கிய கையோடு அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாஸ்டனிலிருந்து பிள்ளைகளோடு வந்து, இரத்தம் தோய்ந்தபடியே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த அந்த உடலின் அருகே நின்றவர். ஆனால் அந்த மாணவி கேட்டது நியாயமான கேள்வி. துயரம் ஒருவருக்கு மரியாதை தரும். அவர் ஆண்ட விதத்துக்கு அது சான்றாகாது.

அதனால் ஆட்சியைப் பற்றிப் பேசுவோம். உன் வகுப்பில் ஒரு சாரார் அவர் சனநாயகத்தை மீட்டார் என்றும், மறு சாரார் அவர் நிலத்தைத் தரவில்லை என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இரண்டும் வெவ்வேறு கதைகள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கோ அவை ஒரே பதினேழு மாதங்களில் நடந்த ஒரே கதையாகப்படுகின்றன. 1986 மார்ச்சில் அவர் அறிவித்த இடைக்கால அரசமைப்பு, ஆளும் அதிகாரத்தோடு சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் அவர் ஒருவர் கையிலேயே வைத்தது. மார்கோசுக்கு இருந்த அதே வலிமை அவருக்கும் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. புதிய அரசமைப்பை எழுத ஒரு குழுவை அமைத்தார்; அது குடியரசுத் தலைவருக்கு ஆறாண்டுகள் கொண்ட ஒரே ஒரு பதவிக்காலத்தை விதித்தது; 1987 பிப்ரவரி 2 அன்று மக்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள்; அந்த ஆண்டு ஜூலை 27-இல் நாடாளுமன்றம் கூடியவுடன் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அதனிடம் கொடுத்துவிட்டார். வலியக் கிடைத்த அதிகாரத்தை இத்தனை விரைவாகக் கையை விட்டவர்கள் அரிது. உன் மாணவர்கள் இன்று அவரையே திட்டும் அளவுக்கு உரிமை பெற்றிருப்பது அந்த வேகத்தின் விளைவு.

ஆனால் அதே பதினேழு மாதங்களில், ஒரே கையெழுத்தில் முழுமையான நிலச் சீர்திருத்தத்தைக் கொண்டுவர அவரால் முடிந்திருக்கும். நெல் வயல்களில் வேலை செய்த எனக்கு இதன் அருமை தெரியும். மார்கோசின் 1972-ஆம் ஆண்டு ஆணை நெல், மக்காச்சோளம் பயிரிட்ட குத்தகைக்காரர்களுக்கு மட்டுமே நில உரிமை தருவதாகச் சொன்னது. லாஸ் பானோஸ் இருக்கும் லகுனா மாகாணத்தில் எங்கள் சோதனை வயல்களை அடுத்து உழுதவர்களில் சிலருக்கு, தாமதமாகவும் குறைவாகவும் என்றாலும், பத்திரம் கைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கரும்பு வெட்டியவருக்கு அதில் இடமில்லை. தார்லாக்கில் கோரியின் தந்தையார் 1958-இல் அரசு நிதி நிறுவனங்களின் துணையோடு வாங்கிய அசியெண்டா லூயிசிதா ஏறக்குறைய 6,400 ஹெக்டேர் கொண்ட கரும்புத் தோட்டம். அதைப் பிற்காலத்தில் உழவர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது அந்த உதவியின் நிபந்தனை. கோரி பதவிக்கு வந்தபோது நிபந்தனை அப்படியே கிடந்தது.

1987 ஜனவரி 22 அன்று நிலம் கேட்டு மலகன்யாங்கை நோக்கி நடந்த உழவர்கள் மீது மெண்டியோலா பாலத்தின் அருகே படையினர் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். எட்சாவுக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. செருப்பை இழந்து வந்த அந்த வீட்டுக்காரம்மா அன்று மாலை சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 1988 ஜூனில் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. நிறைவேற்றிய அவையில் நிலக்கிழார் குடும்பத்தினர் நிறைந்திருந்தார்கள். நிலத்துக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகளைத் தரலாம் என்றும் அதில் ஒரு வழி வைத்தார்கள். 1989-இல் லூயிசிதா அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. பங்குப் பத்திரத்தை உழ முடியுமா, மகளே? அதிகாரத்தை மக்களிடம் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் அதை யாரிடம் கொடுக்கிறோம் என்று அவர் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பார்த்தும் பேசாமல் இருந்தார் என்று அந்தத் தார்லாக் மாணவன் சொன்னால், அவனை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

மற்ற குறைகளும் உண்டு. மின்வெட்டு மாலைகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் உனக்கு எண் சொல்லிக் கொடுத்தேன். பத்தான் அணுமின் நிலையத்தை மூடியவர்கள் அதற்கு மாற்று ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் அவருக்கு ஓய்ந்திருக்க நேரமும் இல்லை. படைக்குள்ளிருந்தே அடுத்தடுத்துக் கலகங்கள், 1989 டிசம்பரில் ஆட்சியையே கவிழ்க்கப் பார்த்த பெரிய கலகம், 1990 ஜூலையில் லூசோன் நிலநடுக்கம், 1991 ஜூனில் பினத்துபோ எரிமலை. இத்தனைக்கும் நடுவே 1992-இல் மீண்டும் போட்டியிடச் சிலர் வற்புறுத்தியபோது, மறுத்துவிட்டு, ஜூன் 30 அன்று ராமோசிடம் பதவியை ஒப்படைத்துச் சாதாரணக் குடிமகளாக வெளியே நடந்தார். தேர்தலில் வென்ற ஒருவரிடம் அமைதியாகப் பதவி கைமாறும் காட்சியை அந்நாட்டு மக்கள் 1965-க்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்கள்.

2009 ஆகஸ்டு 5 அன்று அவருடைய இறுதி ஊர்வலத்தை நாம் இந்தக் கூடத்தில் தொலைக்காட்சியில் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். அரசு மரியாதை வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். மணிலா பேராலயத்திலிருந்து பரான்யாக்கே கல்லறைத் தோட்டம் வரை மழையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வண்டி ஊர்ந்தது. பெட்டியின் நான்கு மூலைகளிலும் நின்ற நான்கு காவல் வீரர்கள் கடைசி வரை அசையவில்லை. கோரியின் அடையாள நிறமான மஞ்சளில் காகிதத் துணுக்குகள் பொழிந்த அந்தச் சாலையில் நின்றவர்கள் அனைவரும் ஏமாளிகள் என்று இன்றைய பிள்ளைகள் யாரேனும் சொன்னால், அதை மட்டும் நீ ஒப்புக்கொள்ளாதே.

2022-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் மார்கோசின் மகன் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றதற்கு இளைஞர்களைக் குறை சொல்வதை நான் விரும்பவில்லை. அந்நாட்டில் இன்று பெரும்பாலோர் எட்சாவுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு நாம் சிலையையும் மஞ்சள் நாடாவையும் கொடுத்தோம், மெண்டியோலாவை மறைத்தோம். ஒரு பாதியை மறைத்துச் சொல்லப்பட்ட கதையில் மறுபாதி வெளிப்படும்போது, முழுக் கதையும் பொய் என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. 2025-இல் பிப்ரவரி 25-ஐ அரசு வேலை நாளாக அறிவித்தபோது பல பல்கலைக்கழகங்கள் தாமாகவே வகுப்புகளை நிறுத்தின என்று படித்தேன். அவ்வாறு கிடைத்த நாளில் மாணவர்களை எட்சா நினைவிடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாமல், மார்கோஸ் ஆட்சியை எதிர்த்தவர்களின் பெயர்களைத் தாங்கிக் கேசோன் நகரத்தில் நிற்கும் பன்தாயோக் நினைவுச் சுவருக்கும், அங்கிருந்து மெண்டியோலாவுக்கும் கூட்டிப் போ. சுவரின் கருங்கல்லில் பொறித்த பெயர்களை மாணவர்களே படிக்கட்டும். அந்தப் பெயருக்கு உரியவர்களில் பலருக்கு இறந்தபோது உன் மாணவர்களின் வயதுதான்.

தார்லாக் மாணவனுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. லூயிசிதா நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்து, 2012-இல் அதை உறுதி செய்தது. அப்போது கோரியின் மகனே குடியரசுத் தலைவர். அந்த நீதிமன்றம் தற்சார்போடு நிற்க இடம் தந்தது கோரியின் காலத்து அரசமைப்பு. அவர் குடும்பத்தின் நிலத்தை அவர் குடும்பத்திடமிருந்தே வாங்கிக் கொடுத்ததும் அந்த அரசமைப்பின் கீழ் நடந்ததே. இதை ஆறுதலாகச் சொல்லாதே, இருபது ஆண்டுகளுக்கு மேல் பிந்தி வந்த நீதி அது. 2004-இல் அதே தோட்டத்தின் வாயிலில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏழு பேர் சுடப்பட்டு இறந்த பிறகு வந்த நீதி. ஆனாலும் அவனிடம் கேட்டு எனக்கு எழுது: அவன் தாத்தாவின் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததா? ஒவ்வொருவருக்கும் 6,600 சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள், நம் தஞ்சைக் கணக்கில் ஏறக்குறைய ஐந்து மா. அந்த ஐந்து மா இன்னும் அவர்கள் கையில் இருக்கிறதா, அடகுக்குப் போய்விட்டதா, அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது என்றும் கேள். நெல் வைத்திருந்தால் எந்த இரகம் என்று மறக்காமல் எழுது.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா