தீக்கும் திருட்டுக்கும் ஒரே காவல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தை பாதியிலேயே கொழுக்கட்டைப்புல் காய்ந்து சலசலக்கிறது. அதனால், தோட்டங்களுக்குக் காவல் குழு எப்படிப் போடுவது என்று நீ கேட்டதற்குத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன்.

காட்டுத்தீக்கு ஒன்று, திருட்டுக்கு ஒன்று என்று இரண்டு குழு வேண்டாம், ஒன்றாகவே போடு. தீக்கென்று மட்டும் போட்ட குழு வைகாசி மழை விழுந்ததும் கலைந்துவிடும். திருட்டுப் பயத்துக்குப் பருவம் கிடையாது. 2024 நவம்பரில் பல்லடம் சேமலைக்கவுண்டம்பாளையம், அடுத்த வருஷம் சிவகிரி என்று தோட்டத்து வீடுகளில் கொலையும் கொள்ளையும் நடந்த பிறகு, தனித்தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், யாருக்கும் நல்ல தூக்கமில்லை. அந்தப் பயம்தான் குழுவை வருஷம் பூராவும் விழிப்பில் வைக்கும். இரண்டுக்கும் தேவைப்படுவதும் ஒன்றேதான்: எந்தச் சாளையில் யார் இருக்கிறார், எந்த இட்டேரியில் (இரு வேலிக்கு நடுவே போகும் வழி) வண்டி போகும், ராத்திரி யாரை எழுப்புவது.

ஆனால் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதை முதலிலேயே தீர்த்துவிடு. திருடனுக்குப் பயந்து கேட்டைப் பூட்டுவோம், தீயணைப்பு வண்டி வெளியே நிற்கும். இதற்குச் சங்கிலி போடு. அதன் இரு முனைக்கும் நடுவே ஐந்து வீட்டுப் பூட்டுகளையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டால், யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விழுந்துவிடும். ஆனால் அவசரத்தில் ஒருவர் அடுத்தவர் பூட்டை விட்டுவிட்டுக் கோத்துவிடுவார், அந்த வீட்டுக்காரர் வெளியே மாட்டிக்கொள்வார். மாதம் ஒருமுறை ஐந்து பூட்டையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பியும் அப்படித்தான். படுக்கையறையில் ஒரு ஜன்னலுக்காவது உள்ளிருந்து திறக்கும் கீல் கம்பி இருக்கட்டும். சாவி கைக்கெட்டும் ஆணியில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் தொங்கட்டும்.

இட்டேரியை 12 அடி அகலம், 15 அடி உயரத்துக்குக் கிளை கழித்து வை. சீமைக்கருவேலமும் காய்ந்த புல்லும் மண்டிய இட்டேரி தீக்குத் திரி, திருடனுக்கு மறைவு. ஒரு நாள் வேலையில் இரண்டும் தீரும். கிளுவை வேலியை மட்டும் வெட்டிவிடாதே, பச்சையாக நின்றால் எளிதில் பற்றாது.

மலையடி எல்லையில் தீத்தடுப்புக் கோடு போட ரோட்டவேட்டரை நம்பாதே. அது புல்லை நறுக்கி, பாதியை மேலேயே விட்டுவிடும், அந்தச் சருகிலேயே தீ நடந்து கடந்துவிடும். சட்டிக்கலப்பை போட்டு மண்ணைப் புரட்டி, மேலே கிடப்பதை வாரி எடு. புல் இடுப்புயரம் என்றால் 5 மீட்டராவது வெறும் மண் தெரிய வேண்டும். பிரஷ் கட்டரின் இரும்புப் பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும், பனி காயும் முன்பே முடித்துவிடுங்கள். வனத்துறை எல்லைக்குள் நீங்களாக எதையும் வெட்டவோ எதிர்த்தீ வைக்கவோ கூடாது, வனவரிடம் சொல்லிச் செய்யுங்கள். பத்துப் பேர் கோடு போட்டு, திருப்பூரில் குடியிருக்கும் ஒருவர் நிலம் மட்டும் சும்மா கிடந்தால் அத்தனையும் வீண். அவரிடம் போனில் சம்மதம் வாங்கி, டிராக்டர் வாடகையைப் பங்கு போட்டு நீங்களே ஓட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் வீட்டைக் கொளுத்துவது தீயின் சுவாலை அல்ல, முன்னால் பறந்து வரும் கங்கு. ஓட்டுச் சந்தில் குருவிக்கூடு, கூரைமேல் தென்னஞ்சருகு, திண்ணையில் காலிச் சாக்கு, இவைதான் அதற்கு இடம். சுவரிலிருந்து 5 அடிக்கு எரியும் பொருள் எதுவும் வேண்டாம். சோளத்தட்டுப் போரை வீட்டிலிருந்தும் மாடு கட்டும் கட்டுத்தரையிலிருந்தும் 30 மீட்டருக்கு மேல் தள்ளி வை. தென்னை மட்டையைக் கொளுத்துவதை மாசி முதல் வைகாசி வரை அடியோடு நிறுத்துங்கள். வாய்க்காலில் போட்டு மூடினால் ஈரம் காக்கும். தென்னங்கட்டை உள்ளுக்குள் நாள் கணக்கில் கனன்றுகொண்டே கிடந்து, காற்று எழும்பும்போது பற்றும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தாலும், மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் மேலே நிற்கும் வண்டியின் பம்பு உறிஞ்சாது. நம் கிணறுகள் எல்லாமே அதைவிட ஆழம். தீப்பிடித்தால் லைனை அணைத்துவிடுவார்கள், போர் மோட்டாரும் நின்றுவிடும். அதனால் தரைக்கு மேலே தொட்டி வேண்டும். இரண்டு சாளைக்கு ஒன்றாவது எப்போதும் நிரம்பியிருக்கட்டும். டிரெய்லரில் 2000 லிட்டர் சின்டெக்ஸ், பெட்ரோல் பம்பு, 30 மீட்டர் ஹோஸ் என்று ஒரு வண்டி குழுவுக்குப் பொதுவாக நிற்கட்டும். வாரம் ஒருமுறை பம்பை ஓட்டிப் பாருங்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் படிந்து, தேவைப்படும் அன்றுதான் ஸ்டார்ட் ஆகாது.

தீயை அடித்து அணைக்கப் போகிறவர்கள் பருத்தித் துணியும் ஷூவும் போடட்டும், நைலான் உடம்போடு ஒட்டிவிடும். சுவாலை 4 அடிக்கு மேல் என்றால் கையால் அணைக்கப் போகக்கூடாது. தீயின் முகத்துக்கு நேரே நிற்காமல், எரிந்து முடிந்த கரிப்பக்கமிருந்து ஓரமாக வரவேண்டும். பச்சைக் கொப்பை ஓங்கி அடித்தால் பொறி சிதறும், அமுக்கிப் பிடித்து நகர்த்த வேண்டும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே தீக்கு மேலேயோ பள்ள ஓடையிலேயோ யாரும் நிற்கக்கூடாது.

செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் என்று சிலர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை செல்போனுக்கு வரும், பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துல்லியமாகப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் நம்மைக் கடப்பது பகல், இரவு ஒன்றரை மணி வாக்கில். மூன்று மணிக்குப் பற்றிய தீயை அவை பார்ப்பதற்குள் ராத்திரியாகிவிடும். இடையில் உங்கள் கண்தான். 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலை எரிந்தபோது சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரே வந்தது, ஆனால் அது மலைக்கு. உன் தட்டுப்போருக்கு வராது.

112க்குப் பேசினால் எடுப்பவர் உன் ஊர்க்காரர் அல்ல. ஊராட்சி, அருகிலுள்ள டிரான்ஸ்பார்மர், வண்டி திரும்ப வேண்டிய இடம் மூன்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டு. வாட்ஸ்அப்பை நம்பாதே, காலை வணக்கப் படங்களால் எல்லோரும் சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்கள். ஒருவர் இருவரைக் கூப்பிடுவது, அவர் அடுத்த இருவரை என்று போன் வரிசை போடு. சிக்னல் இல்லாத பள்ளத்துக்கு 12 வோல்ட் சைரனும் பைக் பேட்டரியும்: விடாமல் அடித்தால் தீ, விட்டு விட்டு அடித்தால் திருடன்.

ராத்திரி நாய் குரைத்தாலோ கரண்டு உன் வீட்டுக்கு மட்டும் போனாலோ கதவைத் திறக்காதே. முதலில் பக்கத்துச் சாளைக்குப் போன், அவர் வெளி விளக்கைப் போடட்டும். ஒரே வாரத்தில் இரண்டு தோட்டத்து நாய் செத்தால் நோய் என்று விட்டுவிடாமல் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். கேமராவை 12 அடியில் மாட்டினால் தொப்பிதான் தெரியும், கேட்டருகே ஒன்றை முக உயரத்தில் வை. பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவான். லென்ஸ்மேல் சிலந்திவலையைத் துடைக்காவிட்டால் ராத்திரி முழுக்க வெறும் அலாரம் அடிக்கும். போர் கேபிளை இரும்புப் பைப்புக்குள் இறக்கி வாயைக் கான்கிரீட் போட்டு மூடு.

இன்னொன்று, இதில் மட்டும் கண்டிப்பாக இரு. சந்தேகப்பட்டவன் மேல் கை வைக்கக்கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். கண்ணெதிரே திருடியவனைப் பிடிக்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது, தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். பழைய சாமான் வாங்க வருகிறவனும் வடநாட்டுக் கூலியாளும் திருடர்கள் அல்ல, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிடு.

உங்கள் ஸ்டேஷன் தீயணைப்பு வண்டி ஹோஸ் இணைப்பு 63 மில்லிமீட்டர்தானா என்று நேரில் கேட்டு எழுது. அதற்குப் பொருந்தும் அடாப்டர் இங்கே வாங்கி, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். தொட்டியில் வால்வு வைக்கும் முன் அது கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்