எங்களுக்கும் இடுகாடு இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் வந்த சிங்கப்பூர் இடுகாடுகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படிக்கத் தொடங்கினேன். 1922ல் திறக்கப்பட்ட புக்கிட் பிரவுன் சீனர் இடுகாட்டைப் பற்றியும், பின்னாளில் அதன் குறுக்கே சாலை வந்ததைப் பற்றியும் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருந்தார். பிடாடரி இடுகாட்டைப் பற்றிய பத்தியில், இந்துக்கள் தகனம் செய்பவர்கள் என்பதால் அவர்களுக்குச் சொல்லத்தக்க இடுகாட்டு வரலாறு இல்லை என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

பிடாடரியில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இருந்ததுபோல இந்துக்களுக்கும் சிங்களவர்களுக்கும் தனி இடம் இருந்தது என்பது தாங்கள் அறியாததன்று. என் அப்பாவைப் பெற்ற பாட்டி அந்த இந்துப் பிரிவில்தான் அடக்கமானார். 1972ல் அந்த இடுகாடு மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில், தை பிறந்தால் அப்பா என்னை அங்கே அழைத்துப்போவார். லாலாங் புல் என் தோளுயரம் நிற்கும். அவர் அரிவாளால் வெட்டி வழி செய்துகொண்டே போக, நான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். பாட்டிக்குப் பளிங்குக்கல் கிடையாது. ஒரு சிமெண்டு மேடையும், தலைமாட்டில் ஒரு விளக்கு மாடமும்தான். சிமெண்டு ஈரமாக இருந்தபோதே தாத்தா ஆணியால் பாட்டியின் பெயரையும் பிறந்த ஊரையும் இறந்த நாளையும் கீறியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், யாரோ எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாகக் கீறியதால், கடைசி வரிக்கு இடம் போதாமல் மாதத்தின் பெயர் விளிம்போரமாகத் திரும்பி மேலே ஏறியிருக்கும். வெள்ளையடிக்கும்போது அந்த எழுத்துகளின் பள்ளத்தில் சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளாமல் விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிவிடுவது என் வேலை.

இது என் பாட்டி ஒருவரின் கதையன்று. தமிழரில் பல சமூகத்தார் இன்றும் புதைப்பவர்களே. வீரசைவர்கள் உடலை அமர்ந்த நிலையில் அடக்கம் செய்கிறார்கள். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள்கூடச் சிறு குழந்தை இறந்தால் புதைக்கின்றன. இடுகாடு, சுடுகாடு என்று இரண்டு சொற்களை நம் மொழி வைத்திருப்பதும், ஆதிச்சநல்லூர் மண்ணுக்குள்ளிருந்து முதுமக்கள் தாழிகள் வெளிவந்ததும் தமிழ் இதழ் ஒன்றுக்கு எடுத்துச்சொல்ல வேண்டிய செய்திகளா, ஐயா?

அந்த வரி என்னை இவ்வளவு சுட்டதற்குக் காரணம், அதை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். பிடாடரிக் கல்லறைகளைத் தோண்டி எடுக்கும் அறிவிப்பு வந்தபோது, வயதான என் அப்பாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். பதிவேட்டில் பாட்டியின் பெயர் கிடைக்கவில்லை. முகப்பில் இருந்தவர், “நீங்கள் இந்துக்கள் எரிப்பவர்கள்தானே, வேறு இடமாக இருக்கும்” என்றார். அப்பா பதில் பேசவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது முறை போனபோதுதான் வேறோர் எழுத்துக்கூட்டலில் பெயர் அகப்பட்டது. எடுத்த எலும்புகள் ஒரு சிறிய துணிக்குள் அடங்கிவிட்டன. எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தோம்.

பிடாடரியைப் பற்றி எழுதுவோர் ஏறத்தாழ 58,000 கிறிஸ்தவக் கல்லறைகள், 68,000 முஸ்லிம் கல்லறைகள் என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். இந்துப் பிரிவுக்கு ஓர் எண்ணைக்கூட அவர்கள் தருவதில்லை. இதைச் சுட்டிக்காட்டித் தங்களுக்கு முன்பு இருமுறை எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. இட நெருக்கடி இருந்திருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இன்று அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடான சுவா சூ காங்கிலும் இந்துக்களுக்குப் பகுதி உண்டு. என் தாய்மாமா அங்கே இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்க் களை பிடுங்கி, மாடத்தைத் துடைத்து, விளக்கேற்றிவிட்டு வருகிறேன். பக்கத்தில் ஒரு குழந்தையின் கல்லறை. மேலே வைத்த பொம்மைக் காரின் சிவப்பு, வெயிலில் வெளுத்துவிட்டது. யாரும் வந்துபோன தடம் தெரியாததால் அதையும் சேர்த்தே சுத்தம் செய்கிறேன். 1998ல் வந்த விதிப்படி அடக்கத்துக்கு 15 ஆண்டுதான் தவணை. அதன்பின் தோண்டி எடுத்து, மதம் இடங்கொடுத்தால் எரித்துவிடுவார்கள். நிலம் குறைந்த நாட்டில் அந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கல்லும் நிற்காது, பத்திரிகையிலும் இல்லை என்றால், இவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு வேறென்ன அடையாளம் மிஞ்சும்? ஹவ்காங்கில் 1891 முதல் இருக்கும் ஜப்பானியர் இடுகாட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிழைக்க வந்து இறந்துபோன ஏழைப் பெண்களின் முழங்கால் உயரமும் இல்லாத கற்களைக்கூட அந்தச் சமூகம் இன்றுவரை போற்றிக் காத்து வருகிறது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாட்டியின் கல்லறையை அப்பா இரவல் கேமராவில் எடுத்த படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்தால் எழுத்துகள் படிக்கும்படியான அளவில் அச்சிடுங்கள். அதற்கு வேறு பிரதி கிடையாது. அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும், உறையின் பின்புறம் எழுதியுள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
தெம்பனிஸ்