கணக்கு எண் மாறிவிட்டது என்று மடல் போனால்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களின் கணினிகளையும் மின்னஞ்சலையும் திருடர்களிடமிருந்து காப்பது என் தொழில். உங்களில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்பதுதான். அடுத்தது, வெளியிலிருந்து வரும் இணையத் தொடர்பை வடிகட்டும் ஃபயர்வால் போட்டால் போதுமா என்பது. வாங்குங்கள், போடுங்கள், தடுக்க நான் யார்? ஆனால் உங்கள் பணத்தின் மேல் கண் வைத்திருப்பவன் பெரும்பாலும் அந்த வழியாக வருவதில்லை. அவன் உங்கள் பெயரிலேயே, உங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசுகிறான்.

கூரியர் நிறுவனத்தின் பெயரில் 'ஷிப்மென்ட் ஆவணம்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். திறந்தால் கடவுச்சொல் கேட்கும். நாள் முழுக்க இப்படிப்பட்ட ஆவணங்களையே திறந்துகொண்டிருக்கும் டாக்குமென்டேஷன் ஊழியர் கொடுத்துவிடுவார். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. திருடனுக்கு அவசரமில்லை, வாரக்கணக்கில் உட்கார்ந்து படிப்பான். எந்த பையருக்கு எத்தனை பீஸ், கப்பல் என்றைக்குப் புறப்படுகிறது, பணம் எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். பையரின் ஆர்டரைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர் மடலை எப்படித் தொடங்குவார், எந்தச் சொல்லை வழக்கமாகத் தப்பாக எழுதுவார் என்பது வரை கற்றுக்கொள்வான். பிறகு அஞ்சல் பெட்டிக்குள் ஒரு விதியை எழுதி வைப்பான்: 'பேமென்ட்', 'பேங்க்' என்ற சொற்கள் உள்ள மடல் எது வந்தாலும் 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' என்ற கோப்புறைக்குப் போய்விட வேண்டும். அவுட்லுக்கில் அப்படியொரு கோப்புறை இருப்பதே பலருக்குத் தெரியாது. பையர் சந்தேகப்பட்டுக் கேட்டாலும் அந்தக் கேள்வி உங்கள் கண்ணில் படாது.

அதன் பிறகுதான் உங்கள் லெட்டர்ஹெட்டில், உங்கள் முத்திரையோடு ஓர் இன்வாய்ஸ் போகும். எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்புங்கள் என்று பணிவாக ஒரு வரி. சில நேரம் உங்கள் முகவரியிலிருந்தே போகும். சில நேரம் ஒட்டிப் பிறந்தது போன்ற இன்னொரு முகவரியிலிருந்து போகும். ஆங்கில 'எம்' (m) இருந்த இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் (rn) நெருங்கி நிற்கும். வெள்ளிக்கிழமை மாலையில் அதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? இன்வாய்ஸில் உங்கள் பெயர்தான் இருக்கும், கணக்கு எண் மட்டும் வேறொருவனுடையது. வங்கிகள் நெடுங்காலமாக எண்ணைப் பார்த்தே பணத்தைச் சேர்த்து வந்தன. பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது யூரோ நாடுகளிலேயே 2025 அக்டோபரில்தான் கட்டாயமானது.

ஒரு மாதம் கழித்து நீங்கள் பணத்தைக் கேட்பீர்கள். அனுப்பியாயிற்றே என்பார் பையர். சரக்கு அவருடைய கிடங்கில், பணம் எங்கோ, சுங்கத்துறை ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில், பணம் வராததால் உங்கள் வங்கியில் முடிக்கப்படாமல். மடல் உங்கள் முகவரியிலிருந்துதானே வந்தது என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

அமெரிக்க எஃப்பிஐக்கு 2023இல் வந்த புகார்களில் இந்த வகை மின்னஞ்சல் மோசடியால் ஏற்பட்ட இழப்பு 290 கோடி டாலருக்கு மேல். செய்திகளில் பெரிதாக அடிபடும், கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரால் வந்த இழப்பு அதே அறிக்கையில் 6 கோடி டாலரைத் தொடவில்லை. வேலை நின்றதால் வரும் நஷ்டம் அதில் சேராது என்றாலும், உங்கள் கவலை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெளிவு. கூகுளும் ஃபேஸ்புக்குமே ஏமாந்திருக்கின்றன. லிதுவேனியாக்காரர் ஒருவர் தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி, 2013 முதல் 2015 வரை இரண்டிடமும் 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. ஆகவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்ட உங்கள் ஊழியரை முட்டாள் என்று திட்டாதீர்கள்.

அந்தத் திட்டுக்குப் பயந்துதான் பலர் வாயே திறப்பதில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று அவருக்கு அன்றைக்கே தோன்றியிருக்கும். முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனத்தில்தான் திருடன் வாரக்கணக்கில் வாழ்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல அலுவலகங்களில் ஒரே மின்னஞ்சல் முகவரியை ஐந்தாறு பேர் பயன்படுத்துகிறார்கள். கடவுச்சொல் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டால் ஓடிபி முதலாளியின் கைப்பேசிக்குப் போகிறது, அவர் சாயப்பட்டறையில் இருந்தால் வேலை நின்றுவிடுகிறது என்று அதையும் அணைத்துவிடுகிறார்கள். மெர்ச்சண்டைசர் வேறு கம்பெனிக்குப் போன பிறகும் அதே கடவுச்சொல்தான். ஆளுக்கொரு முகவரி கொடுங்கள், ஆளுக்கொரு ஓடிபி வரட்டும். மாதச் செலவு கூடும் என்பது எனக்குத் தெரியும்; ஒரு கன்டெய்னரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விஷயம் தெரிந்ததும் சிஸ்டம் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கணினியை ஃபார்மட் செய்யச் சொல்வீர்கள். வேண்டாம். திருடன் எழுதிய விதி அஞ்சல் சர்வரில் இருக்கிறது, ஃபார்மட் அதைத் தொடாது, தடயம்தான் அழியும். முதலில் பையரைத் தொலைபேசியில் பிடித்து, அவருடைய வங்கி மூலம் அந்த நிமிடமே பணத்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் இணையக் குற்றப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினியில் என்ன நடந்தது என்று காட்டும் 180 நாள் பதிவுகளையும் (லாக்) வைத்திருக்க வேண்டும். மலிவு விலை அஞ்சல் சேவையில் அவ்வளவு நாள் பதிவு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

நீங்கள் பணம் கொடுக்கும் இடத்திலும் இதே கதைதான். தைவானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ நிட்டிங் மெஷின் வாங்க முன்பணம் அனுப்பும்போது புதிய கணக்கு எண் வந்தால், அந்த மடலில் இருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணை அழையுங்கள்.

தீ அணைப்பான் எங்கே தொங்குகிறது, கழிப்பறை எத்தனை என்று உங்கள் பையர்கள் ஆடிட் செய்கிறார்கள். அவர்களிடம் நாமும் ஒன்று கேட்கலாம். வங்கிக் கணக்கு மாற்றத்தைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் பணம் அனுப்பினால் அந்த நஷ்டம் பையருடையது என்று ஒரு வரியை ஆர்டர் ஒப்பந்தத்தில் சேர்க்க, உங்கள் சங்கங்கள் அவர்களிடம் பேச வேண்டும். தனி நிறுவனம் கேட்டால் பையர் முகம் சுளிப்பார், ஊரே கேட்டால் ஒப்புக்கொள்வார். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் கட்டணமில்லாமல் வருகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஓர் இணையப் பாதுகாப்புப் பணியாளர்